சுகிர்தபாய் டீச்சர் அடித்த வீட்டுச் சொற்கள்

சுகிர்தபாய் டீச்சரிடம் ஒரு கதை தேற வேண்டுமானால் அது ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். யார்? அவருக்கு என்ன வேண்டும்? எது தடுத்தது? எங்கே திரும்பியது? எப்படி முடிந்தது? இந்த ஐந்தும் தமிழ்ப் பிரிவின் கரும்பலகையில் மேல் ஓரமாக எப்போதும் இருக்கும். பலகை துடைக்கும் பிள்ளைகள் அந்த வரிகளைத் தொடாமல் துடைக்கப் பழகியிருந்தார்கள். நாலுக்குப் பதில் சொல்லிவிட்டு ஐந்தாவதை விட்டுவிட்டால், அது ஆட்டுக்குட்டி தொலைந்த கதையானாலும் சரி, ஆதாம் ஏவாள் கதையானாலும் சரி, டீச்சருக்கு அது கதையே இல்லை.

நான் கணக்கு வாத்தியார். பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகும் வழியில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்கும் மலையாளப் பிரிவுக்கும் சேர்த்துக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். கணக்குக்கு இரண்டு பாஷை தேவையில்லை. ஏழும் எட்டும் எந்தப் பிரிவிலும் பதினைந்துதான். அதனால் ஊரெல்லாம் எல்லை, எல்லை என்று கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னை மட்டும் எவனும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அந்த நிம்மதியில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது. கதை எழுதுவதெல்லாம் வேலையற்றவன் வேலை என்று டீச்சரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். டீச்சர் சிரித்துவிட்டு, "சாரே, ஒங்க வழிக்கணக்குல வாற வியாபாரி எதுக்கு மாங்கா வாங்கினான், யாருக்கு வாங்கினான்னு எண்ணைக்காவது செல்லியிருக்கேளா" என்று கேட்பார்.

அந்த ஐந்து கேள்விகளும் டீச்சர் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. எங்கள் சபையின் சாட்சிக் கூட்டத்திலிருந்து எடுத்தவை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆராதனை முடிந்ததும் மனமுள்ளவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்லலாம். நான் இன்னார், எனக்கு இன்ன கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், கர்த்தர் திருப்பிவிட்டார், இதோ உங்கள் முன்னால் சாட்சியாக நிற்கிறேன். உடனே சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொல்லும். எழுத்து வாசனை இல்லாத கிழவர்கள்கூட இந்த வரிசை தவறாமல் சொல்லுவார்கள். என் மனைவி ராஜபாய் ஒரே பசுவை வைத்து மூன்று சாட்சி சொல்லியிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பசு பிழைத்துக்கொண்டது. இப்படி மாதாமாதம் கேட்டுப் பழகிய காதுள்ள பிள்ளைகளுக்குக் கதைக்கட்டுப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, இருப்பதை எழுத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்பது டீச்சரின் கட்சி.

முதல் மணி அடித்ததும் எல்லாரும் சிலேட்டில் நேற்று வீட்டில் நடந்த ஒன்றை எழுத வேண்டும். பொய்க்கதை கூடாது. எழுதி முடித்ததும் எழுவாய் எது, பயனிலை எது என்று கோடு போட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் ஓலைத் தட்டிதான் சுவர். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் ஒருவன் வீட்டுப் பூனை மீன்சட்டியில் தலையை விட்டு எடுக்க முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும். என் பிள்ளைகள் வாய் வாய்ப்பாடு சொல்லும், காது பூனையின் பின்னால் போகும்.

இவ்வளவும் நல்லதுதான். டீச்சரிடம் ஒரே ஒரு கண்டிப்பு இருந்தது. வீட்டுப் பேச்சு எழுத்தில் வரக் கூடாது, எழுந்து நின்று வாசிக்கும்போதும் வரக் கூடாது. கரும்பலகையை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருப்பார். இடது பக்கம் அன்றைக்குப் பிள்ளைகள் வாயிலிருந்து தவறி விழுந்த வீட்டுச் சொற்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறுக்குக் கோடு. எனக்க, இஞ்ச, பின்ன, அறிஞ்சூடா. வலது பக்கம் அவற்றுக்கு நேராக என்னுடைய, இங்கே, பிறகு, தெரியாது. ஒரு வீட்டுச் சொல்லுக்கு உள்ளங்கையில் ரூல் தடியால் ஒரு தட்டு. வலிக்கிற அடி இல்லை. ஆனால் அடி அடிதான்.

"வீட்டுப் பேச்சு வீட்டுல கெடக்கட்டு. பள்ளிக்கூடத்துக்கு வரும்போ வார்த்தையும் குளிச்சு தலை சீவி வரணும்" என்பார் டீச்சர். இதையே வீட்டுப் பேச்சில்தான் சொல்லுவார். அது அவருக்குத் தெரியாது.

இவ்வளவு கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் எங்கள் வீட்டில் கட்டன்சாயா குடிக்கும்போது ராஜபாயிடம் சொன்னார். பாளையங்கோட்டையில் டிரெயினிங் படிக்கப் போன முதல் நாள், "எனக்க பெட்டி எஞ்ச வைக்க" என்று கேட்டாராம். கூட இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, மலையாளத்துக்காரியா நீ, தமிழ் படிக்க எதுக்கு வந்தாய் என்று கேட்டார்களாம். படிப்பு முடியும்வரை அவருக்கு அங்கே பெயர் மலையாளத்தாள்தான். ஊருக்கு வந்தால் மலையாளப் பிரிவுக்காரர்கள் பாண்டிக்காரி என்றார்கள். "எனக்க வகுப்புல படிச்ச ஒரு பிள்ளயப் பாத்தும் நீ தமிழ் இல்லன்னு ஒருத்தனும் செல்லப்பிடாது. அதுக்காக்கும் இவ்வளவும்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் புஷ்பபாய், அதே வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தாள். அவளுக்கும் தட்டு உண்டு, மற்றவர்களைவிடச் சற்று அழுத்தமாகவே உண்டு. ஆனால் பள்ளி விட்டதும் அம்மாவும் மகளும் வீட்டுப் பேச்சில் பேசிக்கொண்டு வரப்பு வழியே போவார்கள். புஷ்பபாயின் நாக்கு அப்போது ஓயவே ஓயாது. அந்தச் சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதற்குப் பிறகு பிள்ளைகளின் கதைகள் மாறின. பூனையும் கோழியும் போய்விட்டன. மாமா வயலில் ஒளிந்திருந்தார். சித்தப்பா பஸ்ஸிலிருந்து இறக்கி அடிக்கப்பட்டார். வாசிக்கும்போது குரல் மட்டும் பள்ளிக்கூடத்துக் குரலாகவே இருந்தது. "என்னுடைய சிற்றப்பா முதுகில் காயங்களுடன் இல்லம் திரும்பினார்" என்று ஒரு சின்னப் பெண் ராகம் போட்டு வாசித்ததைத் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டபோது எனக்கு வாய்ப்பாடு மறந்துபோயிற்று.

எலியா என்று ஒரு வெற்றிலைக்காரர். கொடிக்காலில் வெற்றிலை வாங்கிக் கட்டிக் களியக்காவிளைச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோவார். ஒருநாள் சந்தையில் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்த கூட்டத்தைப் பார்க்கப் போனவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் மகன் ஜெயதாஸ் டீச்சர் வகுப்பு. அவன் ஒவ்வொரு நாளும் அதையே எழுதினான். அப்பா சந்தைக்குப் போனார், போலீஸ் பிடித்தது, அப்பா வரவில்லை.

"முடிவு எங்க மக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"முடிவு இன்னும் வரல்ல டீச்சரே."

"அப்ப இது கதை இல்ல. பாதி. நாலாவது கேள்விக்கும் பதில் இல்ல, அஞ்சாவதுக்கும் இல்ல. வேற ஒண்ணு எழுது."

"வேற ஒண்ணும் நடக்கல்ல" என்றான் ஜெயதாஸ்.

டீச்சர் அவனைத் தட்டவில்லை. ஆனால் அந்தக் கதைக்கு 'சரி' போடவும் இல்லை. அன்று மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். "சாரே, எல்லாச் சாட்சியிலயும் கர்த்தர் திருப்புதாரு. இந்தப் பயலுக்க வீட்ட மட்டும் மறந்துட்டாரா" என்று என்னிடம் கேட்டார். நான் கணக்கு வாத்தியார். எனக்கு என்ன தெரியும்?

எல்லைக்கோட்டை யார் எங்கே போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்ற பெரிய கதையும் எனக்குத் தெரியாது. சுவரொட்டி படிப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு ஒன்று வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல மேலிடத்திலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்பது மட்டும் தெரியும். ஹெட்மாஸ்டர் தங்கப்பன் சார் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் நல்ல மனிதர், காற்று அடிக்கிற பக்கம் குடை பிடிப்பவர். "இஞ்ச உள்ள பிள்ளியளுக்கு தாய்மொழி ஏதுன்னு நேர்ல கேட்டு எழுதுவாராம். தமிழ்னு அவருக்குப் பட்டா பிரிவு இருக்கும். இல்லெங்கில் அடுத்த வருஷம் தொட்டு புதுசா ஆளச் சேக்கண்டாம்னு சொல்லுவாங்க. டீச்சர் பிள்ளியள ஒருக்கி வையுங்க" என்றார்.

டீச்சர் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார். தாய்மொழியைக் காட்டத்தானே இத்தனை வருஷம் பிள்ளைகளைத் தயார் செய்தேன் என்ற நினைப்பு. ராஜபாயிடம் வந்து பீரோவில் இருந்த நல்ல புடவையைக் கேட்டு வாங்கிப் போனார். மற்ற நாட்களில் ஒரு மணி நடந்த கதைப் பயிற்சி அந்த வாரம் முழுக்கக் காலையிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை நடந்தது. என் கணக்கு மணியையும் எடுத்துக்கொண்டார். நான் சும்மா உட்கார்ந்து கேட்டேன். பிள்ளைகள் சொன்ன தமிழைக் கேட்டால் பாளையங்கோட்டைக்காரிகள் வாயில் விரலை வைத்திருப்பார்கள். அதில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

வந்தவர் கெட்டவர் இல்லை. வெள்ளை உடுப்பு, மெதுவான குரல், நல்ல தமிழ் தெரியும். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் அவர்கள் பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்தார். "பிள்ளைங்களா, உங்க வீட்டுல நடந்த ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

முதல் பெஞ்சிலிருந்து புஷ்பபாய் எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"நேற்று மாலை எங்கள் இல்லத்துக் கோழி முட்டையிட இடம் தேடி அலைந்தது. அடுக்களையில் இடுவதற்கு அது விரும்பியது. ஆனால் அங்கே பூனை படுத்திருந்தது. அப்போது என் அன்னையார் துடைப்பத்துடன் உள்ளே வரவே, பூனை ஓடிற்று. கோழி மகிழ்ச்சியுடன் முட்டையிட்டது."

அடுத்தவள் எழுந்தாள். அவள் வீட்டு ஆடு கொழுந்து தின்ன விரும்பியது, ஆனால் வேலி தடுத்தது, அப்போது காற்று வீசி வேலி சாய்ந்தது, ஆடு மகிழ்ச்சியுடன் தின்றது. அதற்கடுத்தவன். அதற்கடுத்தவள். ஒன்றிலும் ஒரு பிழை கிடையாது. எல்லாக் கதையும் நாலாவது வரியில் திரும்பிற்று, ஐந்தாவது வரியில் மகிழ்ச்சியுடன் முடிந்தது. டீச்சரின் முகம் கல்யாண வீட்டு விளக்காக இருந்தது. வந்தவர் முதலில் சிரித்தார், பிறகு தலையாட்டினார், பிறகு தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

"நல்லா சொல்றாங்க டீச்சர். அளவுக்கு மேல நல்லா சொல்றாங்க" என்றார். "வீட்டுல அம்மாகிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் டீச்சருக்குக் கெடுதல் என்று அந்தச் சின்ன மண்டைகளுக்கே தெரிந்திருந்தது.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். அவரும் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றார். நானும் மரியாதைக்குக் கூடப் போனேன். முற்றத்தில் ஒரே கூச்சல். எலே, இஞ்ச வா, எனக்க பந்தெத் தா, அவன் தள்ளினான், பின்ன பாத்துக்கோ. ஜெயதாஸ் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். அவர் அவனிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். வகுப்புக்கு வெளியே என்பதால் பையன் தாராளமாகச் சொன்னான்.

"எனக்க அப்பன் வெத்தலக்கெட்டு கொண்டு களியக்காவெளைக்கு போனாரு. அங்ஙன கூட்டம் பாக்கப் போனப்ப போலீசு பிடிச்சோண்டு போச்சு. எப்ப வருவாருன்னு அறிஞ்சூடா. அம்மெ ராத்திரி அப்பனுக்க கஞ்சிய எடுத்து மூடி வெச்சிட்டாக்கும் கெடப்பா. வெளுப்பான் காலத்துல அத நான் குடிப்பேன். எனக்கு அது எறங்காது."

அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லப்பட்டதில் அது ஒன்றுதான் கதை. கதையே பிடிக்காத நான் சொல்லுகிறேன். அவர் பையனின் தோளில் கையை வைத்தார். அவருக்கும் மனசு இருந்தது. ஆனால் மனசு ஒரு பக்கம், வந்த காரியம் ஒரு பக்கம். வகுப்புக்குத் திரும்பி வந்து டீச்சரிடம் சொன்னார்.

"பிள்ளைங்க விளையாடும்போது கேட்டேன். வீட்டுப் பேச்சு மலையாளத்தோட ஒரு வகைன்னுதான் எனக்குத் தோணுது. வகுப்புல சொன்னது நீங்க சொல்லிக்கொடுத்த பாடம். நல்ல பாடம்தான். ஆனா படிச்ச பாஷை வேற, தாய்மொழி வேற இல்லையா?"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. "அதுவும் தமிழாக்கும் சார். அதுதான் சார் எங்க தமிழு. எங்க வீட்டுல எல்லாம் தலமொறயா..."

அவர் கரும்பலகையைப் பார்த்தார். டீச்சர் எல்லாம் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கலாம். ஆனால் பயிற்சியைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அந்த வாரம் முழுவதும் எழுதியதை அப்படியே விட்டிருந்தார். இடது பக்கம் நிறைய வீட்டுச் சொற்கள், ஒவ்வொன்றின் மேலும் குறுக்குக் கோடு. அவர் கிட்டே போய் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார். கிணற்றடியில் ஜெயதாஸ் சொன்ன சொற்கள் பாதி அதில் இருந்தன.

"டீச்சர், இது தமிழ் இல்லைன்னு அடிச்சது நானில்லையே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை டீச்சர் சண்டை போட்டிருப்பார்.

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முதல் பெஞ்சுக்குப் போய் மகளின் முன்னால் குனிந்தார். "மக்கா, நம்ம வீட்டுல சாயங்காலம் பேசுவோம் இல்லா, அதுபோல செல்லு. அந்தக் கோழி விஷயம் எங்கிட்ட எப்பிடிச் சென்ன? அப்பிடியே செல்லு மக்கா. சாரு கேக்கட்டு" என்றார்.

புஷ்பபாய் எழுந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். வகுப்பில் நின்றுகொண்டு வீட்டுப் பேச்சுப் பேசச் சொல்லி அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. டீச்சர் மறுபடியும் "செல்லு மக்கா" என்றார், கெஞ்சுகிற குரலில். அந்தப் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டியது.

வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். நீட்டிய கையை டீச்சர் என்ன செய்தார் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தது கடைந்தவளின் கையே. தமிழ்ப் பிரிவில் புதிதாக ஆள் சேர்க்க வேண்டாம் என்று கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. டீச்சர் தப்பாக எதுவும் காட்டாமல் இருந்திருந்தாலும் அந்த உத்தரவு வந்திருக்கும் என்பது என் எண்ணம். எந்தப் பக்கம் போகும் என்று முன்பே முடிவான நிலத்தில் கோழிக்கதை என்ன செய்துவிடும்? இதை டீச்சரிடம் பலமுறை சொன்னேன். கேட்டுக்கொள்ளுவார். நம்பியதில்லை. எலியா சிறையிலிருந்து வந்தார், சுமை தூக்க முடியாத தோளுடன். ஜெயதாஸ் மலையாளப் பிரிவுக்கு மாறினான். அங்கேயும் கணக்கு என்னிடம்தான். கணக்கில் கெட்டிக்காரன், கதை எழுதச் சொன்னால் மட்டும் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி களியக்காவிளைப் பக்கம் கொண்டாட்ட வேட்டுச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்தில். வேட்டுச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் எல்லை. டீச்சரின் தம்பி விஜயதாஸ் அந்தப் பக்கத்தில் இருந்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, "அக்கா, அங்க தமிழ் டீச்சருக்கு ஆளில்லாம கெடக்கு. எனக்க வீட்டுல வந்து இரு. இஞ்ச இனி உனக்கு என்ன இருக்கு" என்று கெஞ்சினார். நாங்களும் போகத்தான் சொன்னோம்.

"அங்க போனா அங்க உள்ள பிள்ளியளுக்க வாயிலயும் நான் அடிக்கணுமா" என்று கேட்டார் டீச்சர். காப்பி ஆறிப்போயிற்று, விஜயதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

கடைசித் தமிழ் வகுப்பும் போனபிறகு டீச்சரைத் தையல் வகுப்புக்குப் போட்டார்கள். பொத்தான் துளை தைக்கச் சொல்லிக்கொடுத்தார். தட்டியை எடுத்துவிட்டார்கள், ஒரே பெரிய அறையாயிற்று. கரும்பலகையின் மேல் ஓரத்தில் அந்த ஐந்து கேள்விகள் கொஞ்ச நாள் மங்கலாகத் தெரிந்தன. பிறகு யாரோ ஈரத்துணியால் துடைத்தார்கள். ஓய்வுநாள் பள்ளியில் ஒருமுறை டீச்சர் முயன்று பார்த்தார். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், தப்பே கிடையாது, யாரையும் தட்ட மாட்டேன் என்றார். பிள்ளைகள் ஆசையாகத்தான் எழுதினார்கள். வீட்டுப் பேச்சை மலையாள எழுத்தில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்கள். டீச்சர் அதையெல்லாம் வாசித்து எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு முதல் அந்த வகுப்புக்கு வரவில்லை.

புஷ்பபாயைப் பற்றித்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கையை நீட்டிய நாளுக்குப் பிறகு அவள் அம்மாவிடம் வீட்டுப் பேச்சில் பேசுவதை விட்டுவிட்டாள். கோபமா, பயமா என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளோடு மலையாளம், எங்களோடு வீட்டுப் பேச்சு, எல்லாம் சரளமாக வரும். ராஜபாயிடம் வந்தால் வாய் மூடாது. அம்மா தலையைக் கண்டால் மட்டும் கைகட்டிக்கொண்டு அச்சடித்த தமிழ். "அம்மா, உணவு ஆயத்தமாக உள்ளது." முதலில் நாங்கள் சிரித்தோம். ஒரு மாதம் கழித்துச் சிரிப்பு வரவில்லை. வரப்பு வழியே அம்மாவும் மகளும் போகும்போது இப்போது சத்தமே இருக்காது.

ஒரு சாட்சிக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்றார். அதுவரை அவர் சாட்சி சொல்லி யாரும் கேட்டதில்லை. நன்றாகப் பேசுகிறவர், ஏன் எழுவதில்லை என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். சபைப் பெரியவர்கள் முன்னால் எப்போதும் எழுத்துத் தமிழில் பேசுகிறவர் அன்றைக்கு வீட்டுப் பேச்சில் ஆரம்பித்தார்.

"நான் சுகிர்தபாய். எனக்க பிள்ளியள ஒருத்தனும் தமிழ் இல்லன்னு செல்லப்பிடாதுன்னு எனக்கு ஆசை. அதுக்காக அதுங்களுக்க வாயில கெடந்த தமிழ நானே தப்புன்னு தட்டினேன். கேக்க வந்தவரு கேட்டப்ப எனக்க சொந்தப் பிள்ளைக்கே வாய் வரல்ல. வகுப்பு போச்சு. நான் நிறைய ஜெபிச்சேன்."

நிறுத்தினார். சபை ஸ்தோத்திரம் சொல்லக் காத்திருந்தது. திருப்பம் வர வேண்டிய இடம் அது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மனைவி கைகளைக் கூப்பித் தயாராக வைத்திருந்தாள். போதகர் மெதுவாக, "பிறகு கர்த்தர் எப்படி நடத்தினார், சொல்லுங்க டீச்சர்" என்று எடுத்துக்கொடுத்தார்.

"ஒண்ணும் திரும்பல்ல போதகரய்யா. இவ்வளவுதான் உண்டு" என்று சொல்லிவிட்டு டீச்சர் உட்கார்ந்தார்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எப்போது சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயதாஸ் மட்டும் பின்வரிசையிலிருந்து தலையை நீட்டி டீச்சரைப் பார்த்தான். போதகர் ஒரு பாட்டை ஆரம்பித்து அந்த இடத்தை மூடினார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். வெயில் கடுமையாக இருந்தது. டீச்சரும் மகளும் எங்களுக்கு முன்னால் வரப்பில் போனார்கள். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் ராஜபாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் தான் குடிக்காமல் அதை மகளிடம் நீட்டினார்.

"தாகமா இருக்கும். இஞ்ச பிடி மக்கா, கொஞ்சம் குடி."

புஷ்பபாய் செம்பை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மா. நான் இல்லத்திற்குச் சென்று அருந்திக்கொள்கிறேன்" என்றாள்.